கவட்டையில் பூசிய காவி

மேடம், நான் இதுவரை ஒரு மரத்தில்கூட ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மரப் பராமரிப்பு நிறுவனத்தில் ஆறு வருடமாக மேற்பார்வையாளன் நான். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால்கூட எனக்குக் கால் நடுங்கும். மனைவிதான் ஏறி மாற்றுவாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று யோசனை சொல்வேன். அவள் ஒருநாளும் அதைக் கேட்டுத் திருப்பியதில்லை.

வாக்குமூலத்தைக் கன்னடத்தில் எழுதித் தர முடியுமா என்று உங்கள் குமாஸ்தா கேட்டார். பெங்களூருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஆனாலும் என் கன்னடம், விவேக் நகர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கும் வரைக்கும்தான் வரும். பதில் கன்னடத்தில் வந்தால் தலையாட்டிவிட்டு வேறு ஆளைத் தேடுவேன். தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் அனுமதித்ததற்கு நன்றி.

தொழிலாளர் நல அலுவலராக நீங்கள் இரண்டு மாதமாக விசாரித்தது ஒரே ஒரு கேள்வியைத்தான். சென்ற நவம்பர் மூன்றாம் தேதி, கோரமங்கலா பக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் வளாகத்தில், எங்கள் ஆள் முனியப்பன் பெருங்கொன்றை மரத்திலிருந்து விழுந்து செத்தது யாருடைய தவறு? அவனுடைய கவனக்குறைவு என்கிறது நிறுவனத்தின் அறிக்கை. அதை எழுதியவன் நான். அவர் பார்க்காமல் ஏறுகிற ஆளே இல்லை என்கிறாள் அவன் மனைவி எல்லம்மா. செத்தவன்மேல் அந்தப் பழி இருக்கக் கூடாது, அவள் மனுவில் கேட்டது அவ்வளவுதான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளி ரகுராம் இரண்டு வருடம் வெளிநாட்டில் மரவேலை படித்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்தார். மரத்தொழிலின் அடிப்படைச் சொற்கள் எல்லாம் அதில் படத்தோடு இருந்தன. நான் தாவரவியல் பட்டதாரி. மூன்றாம் வகுப்பு. இருந்தாலும் நிறுவனத்தில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால், தொண்ணூற்றெட்டில் இருபது நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார். திரும்பி வந்து, அந்தச் சொற்களை ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

அந்தச் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. மரங்களைப் பிடித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். வெயில் நேரத்தில் அவற்றின் கீழே நிற்பேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு சாதாரணக் கிளையைக் காட்டி, இதோ பிராஞ்ச் காலர், இதோ டெட் வுட் என்று சொல்லும்போது எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது போல இருக்கும். தமிழ்ப் பற்றில் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல்லும் உண்டாக்கினேன். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போலப் புடைத்திருக்குமே, அந்த பிராஞ்ச் காலருக்குக் கழுத்துப்பட்டி என்று பெயர் வைத்தேன். "நாய்க்கா சார்?" என்று ஒருவன் கேட்டான். அதோடு என் தமிழ்த்தொண்டு முடிந்தது.

சனிக்கிழமை காலைகளில் வேனின் பின்கதவில் படங்களைத் தொங்கவிட்டு ஏழு பேருக்குப் பாடம் எடுத்தேன். முனியப்பன் அந்த ஏழு பேரில் ஒருவன். ஸ்ரீராம்புரத்து ஆள், முப்பத்திரண்டு வயது, எட்டாவது வரை படித்தவன். மாநகராட்சி ஒப்பந்தக்காரர்களிடம் கிளை வெட்டிக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் வந்தான். வகுப்பில் கடைசியில் நிற்பான், எதுவும் கேட்க மாட்டான். அதனால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தேன். பத்துக் கேள்விகள். ஐந்தாவது, பெரிய கிளையை எங்கே வெட்ட வேண்டும் என்பது. தண்டோடு ஒட்டி வழுவழுப்பாக வெட்ட வேண்டும் என்பது என் விடை. ஆறு பேரும் அப்படியே எழுதினார்கள். முனியப்பன் மட்டும், காலருக்கு வெளியே விட்டு வெட்டணும், ஒட்டி வெட்டினா காயம் பெரிசாகும் என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெரிதாகத் தப்புப் போட்டுக் கொடுத்தேன்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். "சார், புக்குல வேற மாதிரி போட்டிருக்கு சார். பதினோராம் பக்கம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். புத்தகத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறான். மகள் ரூபினி வாசித்துச் சொல்ல, இவன் படத்தைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறான். ரகுராம் பதினோராம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முனியப்பனுக்குப் பத்துக்குப் பத்து. நானே தயாரித்த கேள்வித்தாளில் எனக்கு ஒன்பது. இப்படியொரு சாதனை இந்த ஊரில் வேறு எந்த வாத்தியாரும் செய்திருக்க மாட்டார்.

அடுத்த சாதனை நோரா அம்மா வீட்டில். ரிச்சர்ட்ஸ் டவுனில் தனியாக இருக்கும் பெரியவர். தோட்டத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். நான் அதைச் சுற்றி வந்து, இன்னும் ஐம்பது வருடம் நிற்கும் என்று ஆங்கிலத்தில் சான்றிதழ் கொடுத்தேன். மரத்தடியில் தட்டுத்தட்டாக ஏதோ வளர்ந்திருந்ததே, அது என்னவென்று அந்த அம்மாள் கேட்டார். மரத்துக்கு அழகு, வயதானால் வரும் என்றேன். முனியப்பன் ரப்பர் சுத்தியலால் தண்டில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"காளான் மேடம் அது. உள்ள உளுத்துப் போயிருக்கு. சத்தம் கேளுங்க" என்றான்.

நோரா அம்மா தன் குடையின் முனையை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். ஒரு சாண் உள்ளே போயிற்று. குடையை உருவிக்கொண்டு, "உங்க ரெண்டு பேர்ல ஆபீசர் யாரு, மேன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். முனியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே நான் ஒரு புது விதி கொண்டுவந்தேன். ஏறுகிறவன் சோதிக்கக் கூடாது, சோதிக்கிறவன் ஏறக் கூடாது. மேற்பார்வையாளர் மரத்தைப் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை நம்பி ஆள் ஏற வேண்டும். சுத்தியல் மேற்பார்வையாளர் கையில் இருக்கும். இரண்டு பேரும் சோதித்தால் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகும் என்று ரகுராமுக்கு விளக்கினேன். நல்ல விதிதான், இப்போதும் சொல்வேன். ஏற முடியாத ஒருவனுக்கு அதைவிட வசதியான விதி கிடையாது என்பதும் உண்மை.

ரகுராம் ஒரு வருடம் அதை ஒப்புக்கொண்டார். போன அக்டோபரில் மனம் மாறிவிட்டார். ஒருநாள் நான் அலுவலகத்துக்குள் போனபோது என் மேஜைக்குப் பக்கத்தில் புது நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அதுவரை ஆட்கள் யாருக்கும் அங்கே நாற்காலி கிடையாது. அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை, மாற்றவும் இல்லை.

"சிவசங்கரன், பேப்பர் வொர்க்ல உங்கள மிஞ்ச ஆள் இல்ல" என்றார் ரகுராம். "நீங்க ஆபீஸ், வேன் எல்லாம் பாத்துக்குங்க. ஃபீல்டு இன்ஸ்பெக்ஷன் முனியப்பன் பண்ணட்டும். நவம்பர் பதினஞ்சுல இருந்து. ட்ரெயினிங்கும் அவனே குடுக்கட்டும்."

நல்ல முடிவு சார் என்றேன். முனியப்பனின் கையைக் குலுக்கினேன். "நீங்க பக்கத்துல இருந்தா போதும் சார், தைரியமா இருக்கும்" என்றான். அந்த நாற்காலியில் அவன் உட்காரவே இல்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதைப் படிக்கிறவர்கள் எனக்குப் பொறாமை என்று நினைக்கக்கூடும். இல்லை. மூன்றாம் வகுப்பானாலும் பட்டம் பட்டம்தான். என் பயம், என் தொப்பை, என் கன்னடம், என் ஒன்பது மதிப்பெண், இதையெல்லாம் நானே சொல்லிச் சிரிக்கிறேன். சிரிக்கத் தெரிந்தவனுக்குப் பொறாமை வராது.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி நான் அந்த அடுக்ககத்துக்குத் தனியாகப் போனேன். கார் நிறுத்தும் இடத்தின்மேல் பெருங்கொன்றை ஒன்று சாய்ந்திருக்கிறது, உயரத்தைக் குறைத்துத் தர வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டிருந்தார். என் நெஞ்சு உயரத்தில் மரம் கவட்டையாகப் பிரிந்து, ஒரே பருமனில் இரண்டு தண்டுகளாக மேலே போயிற்று. வலது தண்டு சாய்வு, இடது தண்டு நேர். கவட்டைக்குள் பட்டை இரண்டு பக்கமும் உள்நோக்கி மடிந்திருந்தது.

இதற்குப் பெயர் இன்குளூடட் பார்க், மேடம். இரண்டு தண்டுகள் நெருக்கியடித்து வளரும்போது நடுவில் பட்டை மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒரே மரம். உள்ளே மரத்தோடு மரம் சேர்ந்திருக்காது. பாரம் ஏறினால் துணி கிழிவதுபோலப் பிரிந்துவிடும். அங்கே பிளவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. என் பேனா ரீஃபிலை உள்ளே விட்டுப் பார்த்தேன். நாலு விரல் ஆழம் போயிற்று.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. யாரும் காட்டாமல், சுத்தியல் தட்டாமல், பதினோராம் பக்கம் இல்லாமல், நானே கண்டுபிடித்தேன். வேனுக்குள் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். அதில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. 'உண்டு' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். எழுதினால் ரகுராம் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். முனியப்பன் பாத்தானா, என்றுதான் கேட்பார். பேனாவை மூடிவிட்டேன். அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் அதை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிற்று.

மாத இறுதியில் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நவம்பர் ஒன்றாம் தேதி கன்னட ராஜ்யோத்சவம், மாநிலம் பிறந்த நாள், வளாகத்தில் கொடியேற்றுகிறார்கள், மரங்களுக்கெல்லாம் காவியும் சுண்ணாம்பும் அடிக்க வேண்டும் என்றார். இந்த ஊரில் எந்த விழா வந்தாலும் மரத்துக்குத்தான் முதலில் பெயின்ட். எங்கள் புத்தகம் அதற்கு எதிரி. மரத்துக்குக் காயம் ஆறாது, மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அதன்மேல் எதையும் பூசாதே, பூசினால் மரத்துக்குப் பயனில்லை, பார்க்க வருகிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியாமல் போகும் என்று அதில் எழுதியிருக்கிறது. நானே அதை வகுப்பில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி தோட்டக்காரர் மற்ற மரங்களுக்கு அடித்தார். பெருங்கொன்றைக்கு நான் அடித்தேன். வீட்டில் துடைப்பத்தைக்கூடத் தொடாத கை. காவியில் கொஞ்சம் களிமண்ணைக் குழைத்துக் கவட்டைக்குள் விரலால் அழுத்தினேன். பிறகு மேலே இரண்டு பூச்சு. சட்டையெல்லாம் காவி. காவலாளி வந்து, சாருக்கு இந்த வேலை எதற்கு என்று சிரித்தான். ஆள் பற்றாக்குறை என்றேன். பூச்சு கோணலாக வந்திருந்தது, ஆனால் பிளவு தெரியவில்லை. பிறகு படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு முனியப்பன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். கவட்டைக்கு முன்னால் நின்றான்.

"சார், இந்தக் கவட்டைய பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"காவி அடிச்சுட்டாங்களே, ஒண்ணும் தெரியல. சுத்தியல் குடுங்க சார், ஒரு தட்டுத் தட்டிப் பாத்துடறேன்."

"ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கேன், முனியப்பா. பதினஞ்சாம் தேதி வரைக்கும் நான்தானே இன்ஸ்பெக்டர்?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, அப்பிடி இல்ல சார். நீங்க பாத்திருந்தா சரிதான்" என்றான். எனக்கு மரியாதை கொடுத்துத்தான் ஏறினான். அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி, என் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கியிருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பான். எல்லோரையும் திருத்துகிறவன், அன்றைக்குப் பார்த்து என்னை நம்பினான்.

வலது தண்டில் முப்பதடி ஏறி, பெல்ட்டை அதே தண்டைச் சுற்றிப் போட்டான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முதலில் அடிவெட்டு, பிறகு மேல்வெட்டு. பக்கக் கிளைகள் மூன்று ஒழுங்காக இறங்கின. பிறகு தலைப்பகுதியை அறுக்கத் தொடங்கினான்.

நான் அவனைப் பார்க்கவில்லை, மேடம். கவட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காவியில் தலைமுடி போல ஒரு கோடு விழுந்தது. பிறகு களிமண் பொடியாக உதிர்ந்தது. ஆபத்தை முதலில் பார்க்கிறவன் 'நிறுத்து' என்று கத்த வேண்டும், பக்கத்துத் தண்டுக்கு மாறச் சொல்ல வேண்டும் என்பது நான் நடத்திய பாடம்தான். பத்து எண்ணும் நேரம் இருந்தது. நான் எண்ணினேன். கத்தவில்லை. என் கணிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சரியாக இருந்தது. தலைப்பகுதி விழுந்த உதறலில் கவட்டை திறந்து, தண்டு அப்படியே உரிந்து சாய்ந்தது. பெல்ட் கட்டியிருந்ததால் அவனால் தாவ முடியவில்லை. விழுந்த பிறகும் அவனுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. "சார், கவட்டை" என்றான். தெரியும் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். ஏறுகிறவர் கவட்டையைக் கவனிக்கவில்லை என்று முடித்தேன். உரிந்த இடத்தைப் பார்த்தால் யாருக்கும் பிளவு தெரியுமே, அது யாரோ ஒருவர் கவனிக்காததாகத்தான் இருக்க வேண்டும். நான்கு பக்கம், ஒரு சொல் தவறில்லை. ரகுராம்கூடத் திருத்தவில்லை.

பிறகு எல்லம்மா உங்களிடம் மனு கொடுத்தாள். போன வாரம் இந்த அறையில் அவள் என்னிடம் நேராகக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "சார், அதுல இன்குளூடட் பார்க் இருந்திச்சா சார்?" எழுதப் படிக்கத் தெரியாதவள், சரியாக உச்சரித்தாள். முனியப்பன் அந்தச் சொற்களையெல்லாம் அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, முகம் மழிக்கும்போது சத்தமாகச் சொல்வானாம். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "அவருக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது இந்த சார்தான் மேடம். சாருக்குத் தெரியாம இருக்காது" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக்கூட உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு உள்ளே ஏதோ நோகத்தான் செய்தது, ஆனால் பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருந்தது.

நேற்று உங்கள் முடிவை வாசித்துக் காட்டினீர்கள். முனியப்பன்மேல் தவறில்லை. எல்லம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது, எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் கடைசிப் பத்தியில், போதிய தொழிலறிவு இல்லாததால் மேற்பார்வையாளர் பிளவை அடையாளம் காணத் தவறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ரகுராம் கேட்டுத் தலையாட்டினார். எல்லம்மாகூட என்னைப் பாவம்போலப் பார்த்தாள்.

இரவெல்லாம் யோசித்துவிட்டுத்தான் இன்றைக்கு வந்து இதை எழுதித் தருகிறேன். அந்த வரியை எடுத்துவிடுங்கள். பத்து நாள் முன்னாலேயே பார்த்தேன், களிமண் வைத்து மூடினேன், தெரிந்தே ஏற்றினேன், கோடு விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். இருபது நாள் பயிற்சி எடுத்தவன் நான். அந்தக் கவட்டையைப் பார்க்காமல் விடுவேனா?